ஒரு துளிச் சீரமும் ஒரு நாள் வேறுபாடும்

2002 பிப்ரவரியில் 'லான்செட்' இதழில் ஒரு கட்டுரை வெளியானது. பெட்ரிகாயின், லியோட்டா உள்ளிட்ட அமெரிக்க ஆய்வாளர்கள், பெண்களின் சீரத்தைப் புரதச் சில்லில் இட்டு, லேசர் பாய்ச்சி, சில்லில் ஒட்டிய புரதங்களின் எடைக்கேற்ற முகடுகளைப் பதிந்தனர். அம்முகடுகளின் கோலத்தைக் கொண்டு கணினி சூலகப் புற்றுநோயை இனங்கண்டது. சோதித்த 116 மாதிரிகளில் நோயுற்ற 50-ஐயும் கண்டுகொண்டது. நோயற்ற 66-இல் 63-ஐச் சரியாக விலக்கியது. முற்றிய பின்னரே பெரும்பாலும் தெரியவரும் நோய் இது. செய்தி எழுப்பிய நம்பிக்கையைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆயினும் 66-இல் மூன்று தவறு என்பதை நாம் எளிதாகக் கடந்துவிட முடியாது. இந்நோய் அரிது. பத்தாயிரம் நலமுள்ள பெண்களைச் சோதித்தால் ஏறத்தாழ ஐந்நூறு பேருக்கு வீண் அச்சம்; அவர்களுள் சிலர் தேவையற்ற அறுவைக்கும் ஆளாகலாம்.

ஆய்வாளர்கள் தம் தரவுகளை இணையத்தில் வெளியிட்டிருந்தனர். அது பாராட்டத்தக்க செயல். அதனாலேயே அவர்களுக்குச் சிக்கலும் வந்தது. ஹூஸ்டன் எம்.டி. ஆண்டர்சன் மையத்துப் புள்ளியியலாளர்கள் பேகர்லி, மாரிஸ், கூம்ப்ஸ் ஆகியோர் 2004-இல் அவற்றை மறுபடி ஆராய்ந்தனர். அடித்தளக் கழித்தல் செய்த எண்களிலிருந்து மூல எண்களை மீட்க இயலவில்லை. புற்றல்லாத நோயுள்ள 16 பேரின் பதிவுகள் வேறொரு வகைச் சில்லில் எடுத்தவை போலிருந்தன. கருவியின் வெற்றிரைச்சல் மிகுந்த பகுதியும் நோயாளியைப் பிரித்துக் காட்டியது! இரைச்சலுக்கு நோய் தெரியுமா?

அதே குழுவின் பிந்தைய தரவொன்றில் விடை கிடைத்தது. நலமுற்றோரின் மாதிரிகள் பெரும்பாலும் முதல் நாளிலும், நோயுற்றோருடையவை பெரும்பாலும் அடுத்த நாட்களிலும் கருவியில் ஏற்றப்பட்டிருந்தன. சில்லுக்குச் சில்லும் நாளுக்கு நாளும் முகடுகளின் உயரம் ஏறி இறங்கும். அதைச் சமன்செய்வதே இயல்பாக்கம். இரு பிரிவு மாதிரிகளும் எல்லா நாட்களிலும் கலந்திருந்தால் அது கைகொடுக்கும். நாளும் நோயும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தால், நாளின் சாயலைக் கழிக்கையில் நோயின் சாயலும் கழிந்துபோகும். கழிக்காவிடில் எது எதுவென்று தெரியாது. மாதிரிகளைக் குலுக்கிப்போட்டு வரிசைப்படுத்தியிருந்தால், செலவின்றித் தீர்ந்திருக்கும்.

முதலாய்வாளர்கள் இவ்விமர்சனத்தை ஏற்கவில்லை. 2005-இல் தேசியப் புற்றுநோய்க் கழக இதழில் இரு தரப்பும் வாதிட்டன. இம்முறையில் அமைந்த 'ஓவாசெக்' சோதனைக்கு முன்னனுமதி வேண்டும் என அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2004-இல் தெரிவித்திருந்தது. அச்சோதனை சந்தைக்கு வரவேயில்லை.