வாக்கும் வேண்டுகோளும்: தமிழ்நாடு சட்டமன்றப் பேரவையில் அதிகாரப் பகிர்வு

சட்டம் இயற்றும் அவை ஒருபுறமும் ஆட்சித்துறை மறுபுறமும் நின்று ஒன்றையொன்று தடுத்து நிறுத்தும் என்னும் அதிகாரப் பிரிவினைக் கோட்பாடு, அமெரிக்க ஐக்கிய நாட்டைப் பற்றிப் பேசுகையில் பொருந்துமே தவிர, அமைச்சரவை அவைக்குள்ளிருந்தே பிறக்கும் இந்திய மாநிலங்களுக்குப் பெரிதும் பொருந்தாது. தமிழ்நாடு சட்டமன்றப் பேரவையில் 234 உறுப்பினர்கள் உள்ளனர். 2003ஆம் ஆண்டின் 91ஆவது அரசியலமைப்புத் திருத்தம் அமைச்சரவையை அவை எண்ணிக்கையில் 15 விழுக்காட்டுக்குள் நிறுத்தியதால், முதலமைச்சர் உட்பட 35 பேருக்கு மேல் அமைச்சராக முடியாது. இந்த 35 பேரும் பேரவைக்குக் கூட்டாகப் பொறுப்பானவர்கள் என்கிறது அரசியலமைப்பின் 164(2)ஆம் பிரிவு; மீதமுள்ள 199 பேர் அவர்களைக் கேள்வி கேட்கலாம், கணக்குக் கேட்கலாம், வேண்டாதபோது இறக்கியும் விடலாம் என்பதே அதன் உட்பொருள். இந்த 199 பேரின் கையில் அதற்கென இருந்த ஒரே நாணயம் வாக்கு. 1985க்குப் பின் அந்த நாணயம் செல்லாததாகி, அதன் இடத்தை வேண்டுகோள் பிடித்துக்கொண்டது என்பதும், இன்று உறுப்பினர் ஆட்சியில் பெறும் பங்கு கொள்கையை வகுப்பதிலிருந்து விலகி அதன் பயனைத் தொகுதிக்குத் தொகுதி பங்கிடுவதற்கு வந்து சேர்ந்திருக்கிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

அரசியலமைப்பு வரைவை 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் முன்வைத்த அம்பேத்கர், ஓர் ஆட்சிமுறையிடம் நிலைத்தன்மை, பொறுப்புடைமை என்னும் இரண்டையும் ஒரே அளவில் எதிர்பார்க்க முடியாது என்றும், அமெரிக்க முறை முதலாவதையும் பிரித்தானிய முறை இரண்டாவதையும் கூடுதலாகத் தருகின்றன என்றும், வரைவு பொறுப்புடைமையின் பக்கமே சாய்ந்திருக்கிறது என்றும் விளக்கினார். அவர் கணக்கில் ஆட்சியாளரின் பொறுப்பு இரண்டு முறை எடைபோடப்படும்: தேர்தலின்போது வாக்காளரால் ஒருமுறை, கேள்விகள், தீர்மானங்கள், நம்பிக்கையில்லாத் தீர்மானங்கள், விவாதங்கள் வழியாக உறுப்பினர்களால் நாள்தோறும். நாள்தோறும் எடைபோடுவது பயனுடையதாக இருக்க வேண்டுமானால், எடைபோடுபவரின் வாக்கு எப்பக்கம் விழும் என்பதில் அமைச்சருக்குச் சிறிதேனும் ஐயம் இருக்க வேண்டும். அந்த ஐயமே பொறுப்புடைமையின் உயிர்நாடி; அதை முன்கூட்டியே நீக்கிவிட்ட அவையில் விவாதம் நடக்கும், முடிவு மட்டும் வேறெங்கோ எடுக்கப்பட்டிருக்கும்.

பணத்தின் மீதான அதிகாரத்தை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகத் தெரியும். அரசின் ஆண்டு வரவு செலவு 202ஆம் பிரிவின்படி அவைமுன் வைக்கப்படுகிறது. அதிலுள்ள செலவுகள் துறைவாரியாக மானியக் கோரிக்கைகளாக, அதாவது இன்ன துறைக்கு இவ்வளவு தொகையை வழங்குக என்று அவையிடம் அரசு கேட்கும் கோரிக்கைகளாக, 203ஆம் பிரிவின்படி வாக்கெடுப்புக்கு வருகின்றன. அவை அதை ஏற்கலாம், மறுக்கலாம், குறைக்கலாம். கூட்ட மட்டும் முடியாது, ஏனெனில் ஆளுநரின் பரிந்துரையின்றி, அதாவது நடைமுறையில் அமைச்சரவையின் விருப்பமின்றி, எந்தக் கோரிக்கையும் எழ முடியாது. பள்ளிக்கல்விக்கு இன்னும் நூறு கோடி வேண்டும் என்று உறுப்பினர் ஒருவர் உளமார நம்பினாலும், அவர் செய்யக்கூடியதெல்லாம் அத்துறைக்கான தொகையைக் குறைக்கச் சொல்லி வெட்டுத் தீர்மானம் கொடுத்து, அதன்மீது பேசும் வாய்ப்பில் கூட்டச் சொல்லிக் கேட்பதுதான். வெட்டுத் தீர்மானத்தில் கொள்கையை மறுப்பதற்கான ஒரு ரூபாய் வகை, சிக்கனத்துக்கான வகை, குறையைச் சுட்டுவதற்கான நூறு ரூபாய் அடையாள வகை என மூன்று மரபுகள் உண்டு. மூன்றில் எது நிறைவேறினாலும் அமைச்சரவை மீது நம்பிக்கை போய்விட்டதாகவே பொருள் கொள்ளப்படுவதால், நூறு ரூபாயைக் குறைக்கும் வாக்கும் ஆட்சியைக் கவிழ்க்கும் வாக்கும் ஒரே எடை பெற்றுவிடுகின்றன. குறை சொல்லும் கருவிக்கு இவ்வளவு பெரிய விலையை வைத்தபின், ஆளுங்கட்சி வரிசையில் அதைத் தொடுபவர் யாரும் இல்லை என்பதில் வியப்பில்லை.

மானியக் கோரிக்கை எடுக்கப்படும் ஒரு நாளின் போக்கைக் கிட்டத்தில் நின்று பார்த்தால் இன்னொன்றும் விளங்கும். கேள்வி நேரம் முடிந்து துறை அமைச்சர் கோரிக்கையை முன்மொழிகிறார். துறையின் ஓராண்டுப் பணிகளையும் திட்டங்களையும் விவரிக்கும் கொள்கை விளக்கக் குறிப்பு உறுப்பினர்களுக்குக் கிடைக்கிறது. கட்சிவாரியாக நேரம் ஒதுக்கப்பட்டு ஒவ்வொருவராகப் பேசுகிறார்கள். கடைசியில் அமைச்சர் பதிலுரை ஆற்றுகையில் எல்லாரும் காத்திருந்த பகுதி வருகிறது: புதிய அறிவிப்புகள். எந்த ஊருக்குப் பாலம், எந்த வட்டத்துக்குக் கல்லூரி என்பது அப்போதுதான் அவைக்குத் தெரிகிறது. மேசை தட்டும் ஓசை அடங்குமுன் வெட்டுத் தீர்மானங்கள் விழுகின்றன, ‘ஆம்’ என்போரே மிகுதி எனக் கொள்ளப்பட்டு கோரிக்கை நிறைவேறுகிறது. விவாதத்துக்குப் பின் வெளிவரும் அறிவிப்பை விவாதிக்க இடமில்லை என்னும் எளிய முரணை யாரும் பெரிதாகக் கருதியதாகத் தெரியவில்லை. நாடாளுமன்றத்தின் நிலை இதைவிட மோசம் என்பதையும் சொல்லியாக வேண்டும். விவாதிக்கப்படாத கோரிக்கைகளையெல்லாம் ஒரே வீச்சில் வாக்கெடுப்புக்கு விடும் ‘கில்லட்டின்’ முறை அங்கு ஆண்டுதோறும் கையாளப்படுகிறது. 2018 மார்ச் 14 அன்று மக்களவை அந்த ஆண்டின் எல்லா மானியக் கோரிக்கைகளையும் நிதி மசோதாவையும் அமளிக்கிடையில், விவாதமே இன்றி, ஏறத்தாழ அரை மணி நேரத்தில் முடித்துவைத்தது. துறைவாரியாக நாள் ஒதுக்கிப் பேசும் தமிழ்நாட்டு வழக்கம் அதற்கு எவ்வளவோ மேல்.

இதே போக்கின் முற்றிய வடிவம் பேரவை விதி 110. பொது முக்கியத்துவம் வாய்ந்த பொருள்பற்றிப் பேரவைத் தலைவரின் இசைவோடு அமைச்சர் அறிக்கை படிக்கலாம், அதன்மீது விவாதம் கூடாது என்பது அவ்விதியின் சாரம். அவசர நிகழ்வை அவைக்குத் தெரிவிக்க ஏற்பட்ட இவ்வழி, ஜெயலலிதாவின் 2011-16 ஆட்சிக்காலத்தில் திட்ட அறிவிப்புகளின் வாடிக்கையான வாயிலானது. அதை அன்று கடுமையாகக் குறை கூறிய தி.மு.க. ஆட்சிக்கு வந்தபின் அவ்வாயிலை மூடிவிடவில்லை. பெரியார் பிறந்தநாளான செப்டம்பர் 17 சமூக நீதி நாளாகக் கடைப்பிடிக்கப்படும் என்பதை 2021 செப்டம்பர் 6 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் இவ்விதியின்கீழ்தான் அறிவித்தார். அறிவிப்பின் உள்ளடக்கம் நல்லதா அல்லதா என்பது இங்கு கேள்வியன்று. அவையின் நேரம் யாருடையது என்பதே கேள்வி. கூட்டத்தொடரை எப்போது கூட்டுவது, எத்தனை நாள் நடத்துவது, எந்நாளில் எதை எடுப்பது என்பவற்றைப் பெயரளவில் ஆளுநரும் அலுவல் ஆய்வுக் குழுவும் முடிவு செய்தாலும், உண்மையில் முடிவு செய்வது அமைச்சரவை. இரு கூட்டத்தொடர்களுக்கு இடையே ஆறு மாதம் கடக்கக் கூடாது என்னும் 174ஆம் பிரிவின் வரம்பைத் தவிர அதற்கு வேறு கட்டுப்பாடு அரிது.

இனி வாக்கு. 1985ஆம் ஆண்டின் 52ஆவது திருத்தம் அரசியலமைப்பில் பத்தாம் அட்டவணையைச் சேர்த்தது. தன் கட்சியை விட்டுத் தானாக விலகும் உறுப்பினரும், கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறி வாக்களிக்கும் அல்லது வாக்களிக்காமல் ஒதுங்கும் உறுப்பினரும் பதவி இழப்பர் என்பதே கட்சித்தாவல் தடைச் சட்டம் எனப்படும் இதன் சாரம். 1967க்குப் பின் வட மாநிலங்களில் உறுப்பினர்கள் கட்சி மாறியதாலேயே ஆட்சிகள் அடுத்தடுத்துக் கவிழ்ந்ததை நினைவில் வைத்தால் இச்சட்டம் ஏன் வந்தது என்பது புரியும். குறை அதன் நோக்கத்தில் இல்லை, அகலத்தில் இருக்கிறது: ‘எந்த உத்தரவையும்’ மீறினால் என்று எழுதப்பட்டதால், ஆட்சியின் உயிர் தொங்கும் நம்பிக்கை வாக்கெடுப்பும் ஒரு சாதாரணச் சட்டமுன்வடிவின் பதினேழாம் கூறுக்கான திருத்தமும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டன. 1990இல் தினேஷ் கோஸ்வாமி குழுவும் 1999இல் சட்ட ஆணையமும் கொறடாவின் ஆணையை ஆட்சியின் நிலைப்பைத் தொடும் வாக்கெடுப்புகளுக்குள் அடக்கச் சொல்லின. கிஹோட்டோ ஹொல்லோஹன் வழக்கில் 1992இல் சட்டத்தைச் செல்லுபடியாக்கிய உச்ச நீதிமன்றமும், ‘எந்த உத்தரவையும்’ என்னும் தொடரை நம்பிக்கைத் தீர்மானங்களுக்கும் கட்சியின் அடிப்படைக் கொள்கை சார்ந்தவற்றுக்கும் உரியதாகக் குறுக்கிப் படிக்குமாறு கூறியது. நடைமுறை குறுகவில்லை.

சட்டம் யாருடைய கையில் இருக்கிறது என்பதைத் தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு போல் வெளிச்சமாக்கிய ஆண்டு வேறில்லை. பிப்ரவரி 18 அன்று முதலமைச்சர் எடப்பாடி கே. பழனிசாமி கோரிய நம்பிக்கை வாக்கெடுப்பில் 122 பேர் ஆதரித்தனர், ஓ. பன்னீர்செல்வம் உள்ளிட்ட அ.தி.மு.க. உறுப்பினர் 11 பேர் எதிர்த்து வாக்களித்தனர். சொந்தக் கட்சியின் ஆட்சிக்கு எதிராக அவையிலேயே அளிக்கப்பட்ட அந்த வாக்குகளுக்காக எவரும் பதவி இழக்கவில்லை. இருவரின் அணிகளும் இணைந்தபின் ஆகஸ்டில் பன்னீர்செல்வம் துணை முதலமைச்சரானார். அதே மாதம், முதலமைச்சர் மீது நம்பிக்கை இல்லை என்று ஆளுநரிடம் மனு மட்டும் கொடுத்த உறுப்பினர்களில் 18 பேரைப் பேரவைத் தலைவர் ப. தனபால் செப்டம்பர் 18 அன்று தகுதிநீக்கம் செய்தார். மனு கொடுத்ததே கட்சியைத் துறந்ததற்குச் சமம் என்பது அவர் கொண்ட பொருள். சென்னை உயர் நீதிமன்றத்தில் இரு நீதிபதிகள் 2018 ஜூனில் மாறுபட்ட தீர்ப்பு வழங்க, மூன்றாம் நீதிபதி அக்டோபரில் தகுதிநீக்கத்தை உறுதி செய்தார். 11 பேரைப் பற்றிய வழக்கோ, பேரவைத் தலைவர் நடவடிக்கையைத் தொடங்கிவிட்டார் என்னும் நிலையில் 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தில் முடிவுக்கு வந்தது. மூன்றாண்டு தாமதத்துக்கு விலை எதுவும் இல்லை. வாக்களித்தவர் தப்ப, வாக்களிக்கும் நிலைக்கே வராதவர் வீழ்ந்ததற்குச் சட்ட நுணுக்கத்தில் விளக்கம் சொல்லலாம். ஆனால் இரண்டு முடிவுகளும் அன்றைய அமைச்சரவைக்குத் தோதாக அமைந்தன என்பதை எந்த நுணுக்கமும் மறைக்காது. ஆளுங்கட்சியின் பெரும்பான்மையால் தேர்ந்தெடுக்கப்படும் பேரவைத் தலைவரே தீர்ப்பாயமாகவும் இருப்பதை நாடாளுமன்றம் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று மணிப்பூர் வழக்கொன்றில் 2020இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அதுவும் அப்படியே நிற்கிறது.

வாக்கை இழந்த உறுப்பினரிடம் எஞ்சியது என்ன? அவைக்குறிப்புகளைப் புரட்டுபவர் எவரும் முதலில் காண்பது ஒரு வாக்கிய வடிவம்: தொகுதியிலுள்ள ஊரின் பெயர், அதன் குறை, முடிவில் ‘அரசு முன்வருமா?’ அல்லது ‘அமைச்சர் ஆவன செய்வாரா?’ என்னும் வினா. ‘நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்’ என்பது அதற்கு வாடிக்கையான விடை. இதை வெற்றுச் சடங்கென ஒதுக்குவது தவறு. அமைச்சர் அவையில் தரும் வாக்குறுதிகளைக் குறித்துவைத்து நிறைவேறும்வரை விரட்டுவதற்கென்றே அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு கட்டடம் இவ்வழியில் கிடைப்பதும் உண்டு. இவ்வுறவை ஆட்சித்துறையே முறைப்படுத்தவும் செய்தது: 2022 ஆகஸ்டில் முதலமைச்சர் 234 உறுப்பினர்களுக்கும் கடிதம் எழுதி, தத்தம் தொகுதியில் நெடுங்காலமாக நிறைவேறாத பத்து முக்கியக் கோரிக்கைகளைப் பட்டியலிட்டு அனுப்பச் சொன்னார். எதிர்க்கட்சியினரையும் விலக்காத அந்தக் கடிதம் பெருந்தன்மையானது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதன் இலக்கணத்தைக் கவனிக்க வேண்டும். மானியக் கோரிக்கையில் கேட்பவர் அமைச்சர், வழங்குபவர் உறுப்பினர். பத்துக் கோரிக்கைகளின் பட்டியலில் கேட்பவர் உறுப்பினர், வழங்குபவர் முதலமைச்சர். ‘கோரிக்கை’ என்னும் ஒரே சொல் திசை மாறிவிட்டது.

உறுப்பினர்கள் கட்சிச் சின்னத்தில் வென்றவர்கள், வாக்காளர் கட்சிக்கே ஆணை தந்தார், ஆகவே கட்சி சொல்வதைக் கேட்பதுதான் மக்களாட்சி என்னும் மறுப்பு வலுவானது. கட்டற்ற வாக்கு பொற்காலத்தைத் தந்ததுமில்லை. 1919ஆம் ஆண்டுச் சட்டத்தின் இரட்டையாட்சியில், அதாவது சில துறைகள் மட்டும் அமைச்சர்களிடமும் நிதி, காவல் போன்றவை ஆளுநரின் கையிலும் இருந்த முறையில், சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் பனகல் அரசரின் நீதிக்கட்சி அமைச்சரவைமீது சி.ஆர். ரெட்டி 1923 நவம்பரில் கொண்டுவந்த நம்பிக்கையில்லாத் தீர்மானம் 44க்கு 65 என்ற கணக்கில் தோற்றது. கட்சிக் கட்டுப்பாடு தளர்ந்திருந்த அந்த அவையில் வாக்கு அசைந்தது, ஆனால் ஆட்சியின் பாதி அந்த வாக்குக்கு எட்டாத இடத்தில் இருந்தது. அன்றைய அந்த எட்டாத பாதியின் நிழலைத்தான் இன்று ஆளுநர் தகராறில் காண்கிறோம் எனலாம். ஆளுநர் ஒப்புதலளிக்காமல் திருப்பிய பத்துச் சட்டமுன்வடிவுகளை 2023 நவம்பர் 18 அன்று பேரவை சிறப்புக் கூட்டத்தில் மீண்டும் நிறைவேற்றியபோது அவையும் அமைச்சரவையும் ஒரே அணியில் நின்றன. அந்தச் சண்டையின் சத்தத்தில், அவைக்கும் அமைச்சரவைக்கும் இடையிலான சத்தமில்லாத சமனின்மை கவனத்துக்கு வராமல் போவது இயல்பு. மறுப்புக்கு விடை இதுதான்: கட்சியின் ஆணை தேர்தல் அறிக்கைக்கும் ஆட்சியின் நிலைப்புக்கும் பொருந்தும், அறிக்கையில் இடம்பெறாத நூறு முடிவுகளுக்கு அதை நீட்டுவது வாக்காளர் தராத ஆணையைக் கட்சித் தலைமை எடுத்துக்கொள்வதாகும்.

கொறடாவின் ஆணை எட்டாத ஓரிடம் குழு அறை. அங்கு நடப்பது கட்சித்தாவல் சட்டம் சொல்லும் அவை வாக்கெடுப்பு அன்று. செய்தியாளர் இல்லை, மேசை தட்டுவோர் இல்லை. துறைச் செயலாளரை எதிரில் உட்காரவைத்து ஆளுங்கட்சி உறுப்பினரும் கேள்வி கேட்பார். பொதுக் கணக்குக் குழுவும் மதிப்பீட்டுக் குழுவும் தமிழ்நாட்டில் இருக்கின்றன. ஆனால் முன்னது செலவழிந்த பணத்தைத் தணிக்கை அறிக்கை வந்தபின் பார்ப்பது. வாக்கெடுப்புக்கு முன் ஒவ்வொரு துறையின் கோரிக்கையையும் பிரித்துப் பார்க்கும் துறைசார் நிலைக்குழுக்கள் நாடாளுமன்றத்தில் 1993இல் வந்தன. கேரளம் அதற்கும் முன்பே, 1980இல், பொருள்வாரிக் குழுக்களை அமைத்து, வரவு செலவுத் திட்டத்தின் கோரிக்கைகளையும் சட்டமுன்வடிவுகளையும் அவற்றின் பார்வைக்கு அனுப்பத் தொடங்கியது. தமிழ்நாட்டில் அவ்வகைக் குழுக்கள் ஏற்படுமானால் மேற்கோள் காட்டப்படப்போவது கேரளமாகவே இருக்கும் என்பதால் ஒன்றை முன்கூட்டியே குறித்துவைப்பது நல்லது: நாடாளுமன்ற நிலைக்குழுக்களில் அமைச்சர் உறுப்பினராகக்கூட இருக்க முடியாது; கேரளத்தின் பொருள்வாரிக் குழு ஒவ்வொன்றுக்கும் தலைவராக அமர்பவர் அமைச்சர்.