இரட்டைச் சிலிண்டர் மோட்டார் சைக்கிள் பந்தயம் (தமிழ்நாடு)

இரண்டு சிலிண்டர் எஞ்சின் கொண்ட வண்டிகள் தார்த் தளத்தில் ஓடும் பந்தய வகை. காவிரி டெல்டாப் பகுதியில் நிரந்தரப் பந்தய ஓடுதளம் இல்லை. தஞ்சாவூர்ப் பகுதி வீரர்கள் கோவை செட்டிபாளையத்தின் கரி மோட்டார் ஸ்பீட்வே, சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டை போன்ற பந்தயக் களங்களுக்குச் செல்ல வேண்டும்.

வரலாறு: சோழவரத்தின் பழைய விமான ஓடுதளம் தமிழகப் பந்தயங்களின் தொடக்ககாலக் களம். 1983இல் யமஹா ஆர்டி350 வடிவமைப்பில் எஸ்கார்ட்ஸ் வெளியிட்ட ராஜ்தூத் 350, 347 சிசி டூ-ஸ்ட்ரோக் இரட்டைச் சிலிண்டர் வண்டி. வேகப் பிரியர்கள் அதை விரும்பினர்.

வண்டித் தேர்வு: 2021இல் ராயல் என்ஃபீல்டு தொடங்கிய கான்டினென்டல் ஜிடி கோப்பையில் அனைவருக்கும் ஒரே வகை வண்டி. அதன் 648 சிசி எஞ்சின் சுமார் 47 குதிரைத்திறன் தரும். 270 பாகைக் கிராங்க், சீரற்ற இடைவெளியில் எரிதலை நிகழ்த்துகிறது. நடுத்தர வேகத்திலேயே இழுவை கிடைப்பதால் வளைவிலிருந்து வெளியேறுவது எளிது. எடை அதிகம் என்பது குறை.

தயாரிப்பு: முகப்பு விளக்கு, கண்ணாடி, இண்டிகேட்டர், ஸ்டாண்டு கழற்றப்படும். தாழ்ந்த கைப்பிடி, பின்னுக்குத் தள்ளிய கால்மிதி, விறைப்பான சஸ்பென்ஷன், பந்தய டயர், எடை குறைந்த சைலன்சர் சேரும். ஆயில் வடிகால் போல்ட்டுகளைக் கம்பியால் கட்டுவது பந்தயப் பாதுகாப்பு வழக்கம். ஓடுதளத்தில் சிந்தும் எண்ணெய் பின்வருவோரை வீழ்த்தும். இரு சிலிண்டர்களும் ஒரே அளவு காற்றை இழுக்கும்படி திராட்டிலை ஒத்திசைக்க வேண்டும். நீளம் குறைந்த தளத்தில் ஓட, பின்சக்கர ஸ்ப்ராக்கெட்டில் பல் கூட்டினால் முடுக்கம் கூடும். உச்ச வேகம் குறையும்.