தேநீரும் குவளையும்

மதுரைக்குத் தெற்கே விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி, திருநெல்வேலி என இறங்கி இறங்கிப் பயணம் செய்யும்போது, ஒவ்வோர் ஊரிலும் நம்மை முதலில் எதிர்கொள்வது பேருந்து நிலையத்துத் தேநீர்க் கடைதான். கொதிக்கும் பாய்லர், சாயமேறிய வடிதுணி, ஆற்றும் கைகளுக்கிடையே நீளும் தாரை. ஆரல்வாய்மொழியைக் கடந்தால் 'டீ' என்பது 'சாயா' ஆகிவிடுகிறது. 1956 வரை குமரிப் பகுதி மலையாள நாட்டோடு இணைந்திருந்ததன் எச்சம் அது. சீனத்தின் புஜியன் கடற்கரைப் பேச்சில் 'தே' என்றும் பிற பகுதிகளில் 'சா' என்றும் வழங்கிய ஒரே இலையின் இரு பெயர்கள் இங்கே ஒரு கணவாயில் சந்தித்துக்கொள்கின்றன. தமிழாசிரியர்களுக்கு இதுபோன்ற சிறு மகிழ்ச்சிகள் போதும்.

இத்தனை பழகிவிட்ட பானம் நம் முன்னோர் அறியாதது. சங்கப் பாடல்களில் தேறல் உண்டு, தேநீர் இல்லை. நீலகிரியில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தேயிலை பயிரானபோதும் அது பெரிதும் கப்பலேறவே விளைந்தது. 1903ஆம் ஆண்டுத் தேயிலைத் தீர்வைச் சட்டம் ஏற்றுமதித் தேயிலையின் மீது வரி விதித்து, அப்பணத்தில் சந்தை தேட வழிசெய்தது. முதல் உலகப் போர்க்காலத்தில் ஆலைகளிலும் சுரங்கங்களிலும் தேநீர்க் கடைகள் திறக்கப்பட்டன. 1930களின் மந்தத்தில் விலை வீழ்ந்து, 1933இல் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்தபின், தேங்கிய சரக்குக்கு இந்திய நாக்குகளே கதியாயின. காப்பி நடுத்தர வர்க்கத்தின் அடையாளமாக, தேநீர் உழைப்பாளரின் பானமாயிற்று. இதனை ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' (2000) நூலில் விரிவாக எழுதியுள்ளார்.

ஆக, எந்தச் சாத்திரமும் விதி வகுத்திராத புதிய பானம்; பழைய தீட்டு இதற்கு ஏற நியாயமே இல்லை. ஏறியது பாத்திரத்தில். சிலருக்குக் கண்ணாடிக் குவளை. தலித்துகளுக்குத் தனியே அலுமினியக் குவளை அல்லது சிரட்டை. குடித்தவரே கழுவி வைக்க வேண்டும்; பெஞ்சில் அமரக்கூடாது. அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955ஆம் ஆண்டுச் சட்டம் அதனைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. இரட்டைக் குவளையோ அதன்பின்னும் பல பத்தாண்டுகள் நீடித்தது.

தேநீர்க் கடையை மக்கள் மன்றம் என்று போற்றுவது நம் இலக்கியக் கூட்டங்களின் வழக்கம். 1942இல் மதுரையில் தோன்றிய 'தினத்தந்தி'யை ஒருவர் உரக்க வாசிக்க, எழுத்தறியாதவரும் நாட்டு நடப்பு அறிந்த இடம் அது என்பது உண்மையே. அந்த வாசிப்பைப் பெஞ்சில் அமர்ந்து கேட்டவர் யார், வெயிலில் நின்று கேட்டவர் யார் என்பதை மட்டும் நாம் ஏனோ கேட்பதில்லை.

சிறு நகரத்தின் அருமை இங்கேதான் விளங்குகிறது. பேருந்து நிலையத்தில் யார் எந்தத் தெரு என்று கடைக்காரருக்குத் தெரியாது, கேட்க நேரமுமில்லை. சொந்த ஊரில் சிரட்டை நீட்டப்பட்டவர், சந்தைக்கு வந்த நாளில் எல்லோரும் குடித்த கண்ணாடிக் குவளையில் இங்கே குடிக்க முடிந்தது. அந்தக் கலங்கிய வாளியில் எல்லாக் குவளைகளும் ஒன்றாகவே அலசப்பட்டன. சுகாதாரம் பேசுவோர் முகம் சுளிக்கலாம். நமக்கு அந்த வாளியின் மீது மரியாதை உண்டு.

பின்னர் காகிதக் குவளை வந்தது. 2019 ஜனவரி முதல் பிளாஸ்டிக் பூச்சுள்ள குவளைகளுக்குத் தமிழ்நாட்டில் தடை இருந்தும் அது முற்றாக மறையவில்லை. குடித்ததும் எறிந்துவிடுவதால் யாருக்கு எந்தக் குவளை என்ற வழக்கே எழுவதில்லை. ஒரே குவளையில் வாய் வைப்பதைத் தவிர்க்கவும் அதுவே வசதி. எதற்காக அது நீட்டப்படுகிறது என்பதை நகரத்துக் கடையில் நின்று அறிய முடியாது. நான்கு கல் தள்ளி, எல்லோரும் எல்லோரையும் அறிந்த ஊர்முனைக் கடையில், அலமாரியில் கண்ணாடிக் குவளைகளும் அடுக்கியிருக்கும்போது, எவர் கைக்கு எது போகிறது என்று பார்க்க வேண்டும்.