ஓசூர் மலைகளில் இரவு தங்கியவர்கள்



பெங்களூரில் வேலை பார்க்கும் பழைய மாணவர் ஒருவர் ஒரு கேரவன் வண்டியின் படத்தை அனுப்பியிருந்தார். உள்ளேயே படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் இருக்கிறது. வாடகைக்குக் கிடைக்கிறதாம். "ஐயா, பிள்ளைகளோட தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கம் போய் ரெண்டு ராத்திரி காட்டுக்குள்ளயே நிறுத்தித் தங்கலாமா?" என்று கேட்டிருந்தார். பதிலைக் கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் சொல்லப்போகிறேன். சரித்திர வாத்தியாரிடம் கேட்டால் அப்படித்தான் வரும்.

கேரவன் என்றால் இன்று நமக்கு சினிமா நடிகர்கள்தான் ஞாபகம் வருகிறார்கள். அந்தச் சொல் பாரசீகத்திலிருந்து வந்தது. கூட்டமாகச் செல்லும் வணிகர்களைக் குறித்தது. நம் பக்கத்தில் அந்தப் பெயருக்குப் பொருத்தமானவர்கள் லம்பாடிகள். ஆயிரக்கணக்கான பொதிமாடுகளில் உப்பும் தானியமும் ஏற்றிக்கொண்டு குடும்பம் குடும்பமாக நடந்தார்கள். இரவில் பொதிகளை இறக்கி மதில் மாதிரி அடுக்கி, அதற்குள் தூங்குவார்கள். திப்புவுக்கு எதிராக 1791-92இல் காரன்வாலிஸ் நடத்திய போரில் ஆங்கிலப் படைக்குச் சோறு போட்டதில் இவர்கள் பங்கு பெரியது. அந்தப் போரில்தான் 1791 நவம்பரில் கிருஷ்ணகிரிக் கோட்டையைப் பிடிக்க வந்த ஆங்கிலேயர் தோற்றுத் திரும்பினார்கள். ஆனாலும் 1792 உடன்படிக்கையில் பாராமகால் முழுவதும் அவர்கள் கைக்கே போய்விட்டது.

அதன் பிறகு வந்தவை அதிகாரிகளின் கூடாரங்கள். கேப்டன் அலெக்சாண்டர் ரீட் தலைமையில், தாமஸ் மன்றோ உதவியாளராக 1799 வரை இங்கே வேலை பார்த்தார். ரயத்துவாரி முறையின் முதல் சோதனை நடந்ததே நம் மண்ணில்தான். ஜமீன்தார் ஒருவரிடம் மொத்தமாக வரி வாங்குவதானால் அதிகாரி கச்சேரியில் உட்கார்ந்திருக்கலாம். ஒவ்வொரு குடியானவனின் நிலத்துக்கும் தனித்தனியாக வரி போடுவதென்றால் ஊர் ஊராகப் போய், வயலை அளந்து, மண்ணைப் பார்த்தாக வேண்டும். ஆகவே கூடாரத்திலேயே குடித்தனம். மன்றோ பிறகு சென்னை மாகாண கவர்னர் ஆனார். 1827இல் அவர் காலராவில் இறந்ததும் சுற்றுப்பயணத்தில்தான், பத்திகொண்டாவில்.

மன்றோவைப் புகழ்ந்து எழுதுபவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். துரை கூடாரம் போட்டால் விறகு, புல், பால், கோழி எல்லாம் அந்த ஊர்க்காரர்கள் தலையில்தான் விழும். ஜமாபந்தி முகாம் எப்போது கிளம்பும் என்று ஊரே காத்திருக்கும் காலம் அது.

மாட்டுவண்டி போய் மோட்டார் வந்தபோது, பெங்களூரிலிருந்து கென்னத் ஆண்டர்சன் தன் ஸ்டூடிபேக்கர் காரில் ஜவளகிரிக்கும் அஞ்செட்டிக்கும் வந்தார். 1910இல் பிறந்தவர், விமானத் தொழிற்சாலையில் வேலை, தமிழும் கன்னடமும் பேசுவார். ஆட்கொல்லிப் புலிகளைப் பற்றி 1954இல் வெளியான அவருடைய முதல் நூலில் ஜவளகிரிக்குத் தனி அத்தியாயமே உண்டு. நம் ஊர்ப் பெயர்களை வெளிநாட்டு வாசகர்கள் படித்தது அவரால்தான். கதைகளில் எவ்வளவு உண்மை, எவ்வளவு சரடு என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. எனக்கும் சில இடங்களில் சந்தேகம் உண்டு. ஆனால் அந்தக் காட்டை அவர் இரவில் நடந்து பார்த்தவர் என்பதில் சந்தேகமில்லை.

1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1974இல் பன்னார்கட்டா தேசியப் பூங்கா ஆயிற்று. அதே ஆண்டு ஆண்டர்சனும் இறந்தார். நம் பக்கத்தில் காவிரி வடக்கு சரணாலயம் 2014இல் 504 சதுர கிலோமீட்டரில் அறிவிக்கப்பட்டது. 2022இல் காவிரி தெற்கு சரணாலயம் வந்தது. அது 686 சதுர கிலோமீட்டர்.

எனவே தம்பிக்குப் பதில்: சரணாலயத்துக்குள் நம் இஷ்டத்துக்கு வண்டியை நிறுத்தி இரவு தங்க முடியாது. வனத்துறையிடம் கேட்டு, அவர்கள் அனுமதிக்கும் இடத்தில் மட்டும் தங்குங்கள். சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. மழை முடிந்து கேழ்வரகு முற்றும்போது பன்னார்கட்டாவிலிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை வழியாக ஓசூரை ஒட்டிய சானமாவுக் காடு வரை வருகின்றன. மாநில எல்லை அவற்றுக்குத் தெரியாது. நடுவில் தொழிற்சாலைகளும், லேஅவுட்டுகளும், நாம் பெருமையாகப் பேசும் கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையும் இருக்கின்றன. இருட்டில் அந்தச் சாலையை அவை குட்டிகளோடு கடக்கின்றன. யானையும் சாகிறது, மனிதரும் சாகிறார்கள்.

நீங்கள் விடுமுறைக்குத் திட்டமிடும் இதே மாதங்களில், காட்டோரக் கிராமங்களில் கேழ்வரகுக் கொல்லையில் பரண் கட்டி, கம்பளியைப் போர்த்திக்கொண்டு, டார்ச்சும் பட்டாசுமாக விடிய விடிய உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. உங்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள் சிலரும் அதில் இருக்கிறார்கள். போகிற வழியில் பகலில் அவர்கள் வீட்டுக்கு ஒரு எட்டுப் போய்விட்டு வாருங்கள். யானை இப்போது எந்தப் பக்கம் நிற்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும்.