காலேஜை விட்டுட்டு பைலட் ஆகலாமா? டி.சி. வாங்குறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

சோமனூர்ல தறிச் சத்தத்தையும் மீறி ஒரு சத்தம் கேட்டா, அது பக்கத்துச் சூலூர் விமானப்படைத் தளத்துல இருந்து கிளம்புற தேஜஸா இருக்கும். தலையைத் தூக்கிப் பார்த்தபடி, 'நான் ஏன் இன்னும் இந்த இன்ஜினீயரிங் காலேஜுக்குப் போயிட்டிருக்கேன்?'னு என்னைக்காவது நினைச்சிருக்கீங்களா? இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

முதல்ல ஒரு கேள்வி. உங்க மனசுல இருக்கிறது அந்த தேஜஸா, இல்லை இண்டிகோவா? தேஜஸ்னா, காலேஜை விடாதீங்க. ப்ளஸ் டூ முடிச்ச கையோட விமானப்படைக்குப் போற என்டிஏ தேர்வுக்கு வயசு வரம்பு ஏறக்குறைய 19½. அதைத் தாண்டிட்டா ஏஎஃப்கேட் மாதிரியான தேர்வுகள்தான் வழி. அதுக்கு டிகிரி கட்டாயம். அரியரோட காலேஜை விட்டுட்டு வந்தா, சூலூர் கதவு உங்களுக்குச் சாத்திக்கும்.

பயணிகள் விமானம் ஓட்டுறது வேற கணக்கு. கமர்ஷியல் பைலட் லைசென்ஸுக்கு, அதாவது சிபிஎல்லுக்கு, டிகிரி தேவையில்லை. 18 வயசு, ப்ளஸ் டூவுல இயற்பியலும் கணிதமும், மருத்துவத் தகுதி, 200 மணி நேரப் பறத்தல், டிஜிசிஏ நடத்தும் தேர்வுகள். ஒவ்வொரு பேப்பர்லயும் 70 மார்க் எடுக்கணும். இந்தியாவில் பைலட் லைசென்ஸ் வாங்கிய முதல் ஆள் ஜே.ஆர்.டி. டாடாகூட பட்டதாரி இல்லை. கேம்பிரிட்ஜ் போக ஆசைப்பட்டவரை அப்பா பம்பாய்க்குக் கூப்பிட்டு கம்பெனி வேலையில உட்கார வெச்சுட்டார். 1929 பிப்ரவரி 10-ம் தேதி லைசென்ஸ் கையில வந்தது. ஆனா டாடா வீட்டுப் பையன் விழுந்தா கீழே மெத்தை இருந்தது. நாலு தறி ஓடுற வீட்டுல அது கிடையாது. அதனாலதான் எதை முதல்ல செய்யணும்ங்கிற வரிசை நமக்கு முக்கியம்.

முதல் வேலை, மெடிக்கல். டிஜிசிஏ அங்கீகரிச்ச டாக்டர்கிட்ட கிளாஸ் 2 மருத்துவப் பரிசோதனை எடுங்க. ரத்தம், சிறுநீர், இசிஜி, எக்ஸ்ரே, கண், காதுன்னு எல்லாம் பார்ப்பாங்க. செலவு சில ஆயிரம்தான். அதுல பாஸானதும் கிளாஸ் 1. சிபிஎல்லுக்கு இதுதான் வேணும். நம்ம ஊர்க்காரங்களுக்கு பெங்களூர்ல இருக்கிற விமானப்படை மருத்துவ மையம் கிட்ட. கண்ணாடி போட்டிருக்கிறது பிரச்னையில்லை. அதைப் போட்டுக்கிட்டு சரியாப் பார்க்க முடியணும், அவ்வளவுதான். வில்லங்கம் நிறக்குருடுலதான். பல பேருக்கு அது இருக்கிறது அவங்களுக்கே தெரியாது. வெள்ளைக் காடா துணியே நெய்யுற ஊர்ல வளர்ந்தா, இன்னும் தெரியாது!

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, காலேஜை விட்டு, அட்மிஷன் பணமும் கட்டின பிறகு மெடிக்கல்ல அன்ஃபிட் ஆனா ரெண்டும் போச்சு. கிளாஸ் 1 வரைக்கும் காலேஜ்ல பேரை வெச்சுக்கிட்டே முடிச்சுடலாம். நாலஞ்சு நாள் லீவு போட்டாப் போதும்.

அடுத்தது பணம். இந்தியாவிலேயே படிச்சாலும் சுமார் 50 லட்சத்துல ஆரம்பிக்கும். தங்குறது, சாப்பாடு, மறுபடி எழுதுற தேர்வுன்னு சேர்ந்தா இன்னும் ஏறும். லைசென்ஸ் வாங்கினப்புறம் ஏர்பஸ் 320, போயிங் 737 மாதிரி குறிப்பிட்ட விமானத்தை ஓட்ட 'டைப் ரேட்டிங்' பயிற்சி தனி. அதுவும் பல லட்சம். விளம்பரத்துல இந்த வரி எப்பவும் சின்ன எழுத்துலதான் இருக்கும்.

பேங்க் லோன்? பொதுவா 7.5 லட்சத்துக்கு மேல கல்விக்கடன்னா சொத்து அடமானம் கேட்பாங்க. அதாவது வீடு, இல்லை தறி குடோன். 60 லட்சம் கடன், 11 சதவிகித வட்டி, 15 வருஷம்னு வெச்சுக்குங்க. மாசத் தவணை 68 ஆயிரத்தைத் தொடும். படிக்கிற காலத்துல ஏறுற வட்டியை நான் இதுல சேர்க்கவே இல்லை. கூலி உயர்வுக்காகத் தறியை நிறுத்திப் போராடுற ஊர் இது. அப்பா "பார்த்துக்கலாம் கண்ணு"ன்னு சொன்னாலும், இந்தக் கணக்கைப் பேப்பர்ல எழுதி அவர் முன்னாடி வைங்க. வேலை கிடைக்க ரெண்டு வருஷம் ஆனா தவணையை யார் கட்டுறதுன்னும் அதே பேப்பர்ல எழுதுங்க.

ரெண்டு வருஷம்னு சும்மா சொல்லலை. 2023-ல ஏர் இந்தியா 470, இண்டிகோ 500 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்ததும் 'பைலட் பஞ்சம்'னு செய்தி பறந்துச்சு. ஆனா அந்த விமானங்கள் பல வருஷத்துல கொஞ்சம் கொஞ்சமா வந்து சேர்றவை. அதே 2023-ல மட்டும் டிஜிசிஏ 1,622 சிபிஎல் கொடுத்துச்சு. கம்பெனிகள் அதிகம் தேடுறது அனுபவமுள்ள கேப்டன்களை. 200 மணி நேரம் மட்டும் பறந்த புதுசுங்க வரிசையில நிக்கணும்.

பள்ளியைத் தேர்ந்தெடுக்கிறப்போ போர்டைப் பார்க்காதீங்க, ஹேங்கரைப் பாருங்க. எத்தனை விமானம் இருக்குன்னு கேட்காம, இன்னைக்கு எத்தனை பறக்குதுன்னு கேளுங்க. போன வருஷம் சேர்ந்தவங்க இப்போ எத்தனை மணி நேரத்துல இருக்காங்கன்னு அவங்ககிட்டயே விசாரிங்க. 200 மணி நேரத்தை முடிக்க ஒண்ணரை வருஷம்னு சொல்லி மூணு வருஷம் இழுத்தா, ஹாஸ்டல் செலவும் வட்டியும் உங்க தலையில. 2025 அக்டோபர்ல டிஜிசிஏ முதல்முறையா பயிற்சிப் பள்ளிகளுக்குத் தரவரிசை வெளியிட்டது. உச்ச தரத்துல ஒண்ணுகூட வரலை. அந்தப் பட்டியலைப் பார்க்காம எங்கேயும் பணம் கட்டாதீங்க. மொத்த ஃபீஸையும் ஒரே தடவையில கேட்டா எழுந்து வந்துடுங்க. பறந்த மணிக்கு ஏத்த மாதிரி தவணையில கட்டுறதுதான் பாதுகாப்பு. உத்தரப்பிரதேசத்துல இருக்கிற மத்திய அரசின் இக்ருவா, நுழைவுத்தேர்வு வெச்சு எடுக்குது. அதையும் எழுதிப் பாருங்க. வெளிநாட்டுல பறந்துட்டு வந்தாலும் இங்கே டிஜிசிஏ பேப்பர்களை எழுதித்தான் ஆகணும்.

இவ்வளவுக்கும் அப்புறம் 'போறேன்'னு முடிவெடுத்துட்டீங்கன்னா, வெளியேறும்போது ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட்டை எல்லாம் கையோட வாங்கிடுங்க. ப்ளஸ் டூ மார்க் ஷீட் இல்லாம டிஜிசிஏல ஒரு அடி நகர முடியாது. மாணவர்களோட ஒரிஜினலைக் கல்லூரி பிடிச்சு வைக்கக் கூடாதுன்னு யுஜிசி 2018-லயே சொல்லிடுச்சு. இழுத்தடிச்சா அந்த அறிவிப்பைக் காட்டி எழுத்துல கேளுங்க.

இன்னொண்ணு. கிளாஸ் 1 மெடிக்கலை 40 வயசு வரைக்கும் வருஷா வருஷம் புதுப்பிக்கணும். ஒரு வருஷம் உடம்பு ஒத்துழைக்கலைன்னா சம்பளம் நின்னுடும். அப்போ கையில ஒரு டிகிரி இருந்தா உதவும். இக்னோவுல ஜனவரி, ஜூலைன்னு வருஷத்துக்கு ரெண்டு தடவை சேரலாம். மழைக்காலத்துல விமானம் தரையில நிக்கிற நாட்கள்ல உட்கார்ந்து படிக்க நேரம் நிறையக் கிடைக்கும்.