குகையில் காணாத சீடர்கள்

பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு 1913இல் ஒரு சுடுமண் துறவி வந்து சேர்ந்தார். அடுத்த ஆண்டு பிலடெல்பியாவுக்கும் டொராண்டோவுக்கும் ஒவ்வொருவர், பிறகு பாஸ்டனுக்கு, 1920, 1921இல் நியூயார்க்குக்கு இருவர். கொள்முதல் விவரங்களை வரிசைப்படுத்தியதுமே கண்ணில் பட்ட முதல் துப்பு இது: உட்கார்ந்த நிலையிலேயே ஒரு மீட்டர் உயரமுள்ள இந்தச் சிலைகள் ஒரே சமயத்தில் சந்தைக்கு வந்திருக்கின்றன. எல்லாரும் புத்தரின் சீடர்கள். சீனர்கள் லோஹான் என வணங்கும் அரகந்தர்கள்.

எங்கிருந்து வந்தார்கள்? எல்லாத் தடங்களும் ஃபிரீட்ரிஷ் பெர்சின்ஸ்கி என்ற ஜெர்மானியரிடம் போய் முடிகின்றன. 1912இல் பெய்ஜிங் வணிகர்களிடம் துப்புக் கேட்டு, ஹெபெய் மாகாணத்து யீஷியான் மலைக்கு ஏறியவர் அவர். ‘கடவுள் வேட்டை’ என்ற தலைப்பில் மறு ஆண்டே எழுதியும் விட்டார். அதை வரிவரியாகப் படித்தேன். குகைகளில் அவர் கண்டது உடைசல்களைத்தான். முழுச் சிலைகள் அதற்குள் மலையிறங்கிவிட்டன. ஆக, எந்தச் சிலை எந்தக் குகையில் எப்படி அமர்ந்திருந்தது என்பதற்குச் சாட்சி இல்லை. விற்றவர்கள் வாயை மூடிக்கொண்டதில் கலை வரலாறு இழந்தது கொஞ்சநஞ்சமல்ல.

இனிச் சிலைகளையே விசாரிக்க வேண்டும். லண்டன் துறவியின் ஆடையில் பச்சையும் தேன்நிறமும் வழிகின்றன: செம்பு தந்த பச்சை, இரும்பு தந்த தேன்நிறம். காதுமடல் மட்டும் மரபுப்படி நீளம். முகமோ ஏதோ ஒரு மனிதருடையது போலவே இருக்கிறது. இத்தனை பெரிய மண்ணுருவைச் சூளையில் வெடிக்காமல் சுட்டெடுப்பது மலைக்கிராமத்துக் குயவரால் ஆகிற காரியமல்ல. பெய்ஜிங்குக்கு மேற்கேயுள்ள லோங்சுவான்வுவில், லியாவ் ஆட்சிக்காலச் சூளையில், இதே வகைப் பூச்சுள்ள பௌத்த உருவங்கள் கிடைத்திருக்கின்றன. பல அருங்காட்சியகங்கள் 11ஆம் நூற்றாண்டையொட்டிக் காலம் குறிப்பது லியாவ் ஆட்சியை மனதில் வைத்துத்தான்.

ஐலீன் ஷூ என்ற ஆய்வாளர் அதை மறுக்கிறார். யீஷியான் மலைக் கோயிலின் கல்வெட்டுகளைப் படித்து, சோங் ஜுன் என்பவரின் கொடையால் 1511 முதல் 1519க்குள், மிங் காலத்தில், இவை செய்யப்பட்டன என்கிறார். ஐந்நூறு ஆண்டு இடைவெளி!

கல்வெட்டில் கொடையாளியின் பெயர் இருப்பது வலுவான சான்றுதான். ஆனாலும் பழைய சிலைகளைப் புதுப்பித்து நிறுவியவரும் கல்லில் பெயர் பொறிப்பார். எழுத்தைவிட மண்ணைத்தான் நான் நம்புகிறேன். சிதறிக்கிடக்கும் இந்தச் சிலைகளின் மண்ணையும் லோங்சுவான்வு ஓடுகளின் மண்ணையும் ஒரே மேசையில் சோதித்தாக வேண்டும். அந்த வரிசையிலும் ஓர் இடம் காலியாக இருக்கும்: பெர்லினில் இருந்த சிலை இரண்டாம் உலகப் போரில் காணாமற்போனது.