தோட்டத்துப் பழைய பிக்கப்

அரசர்களின் படையெடுப்பும் ஆளுநர்களின் ஆணைகளும் மட்டுமே வரலாறு என்று எண்ணிய காலம் மலையேறிவிட்டது. பாட்டாளி கையாண்ட பொருள் ஒவ்வொன்றுக்கும் வரலாறு உண்டு. கோல சிலாங்கூர், உலு சிலாங்கூர் தோட்டப்புறங்களில் சாயம் மங்கி, துருவேறி, ஆயினும் ஓய்ந்துவிடாமல் ஓடிய பழைய பிக்கப் வண்டியும் அத்தகைய ஒரு பொருளே. ஏழைத் தொழிலாளி ஒருவர் பிறர் ஓட்டித் தேய்த்த வண்டியை வாங்கிச் செப்பனிட்டது வெறும் சிக்கனமன்று. நினைத்த இடத்திற்கு நினைத்த நேரத்தில் செல்லும் உரிமையை நோக்கி அவர் எடுத்துவைத்த அடி அது.

அந்த உரிமை எத்துணை அரியதாக இருந்தது என்பதை அறிய 1941ஆம் ஆண்டுக்குச் செல்ல வேண்டும். அவ்வாண்டு கிள்ளான் வட்டாரத்தில் மூண்ட தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் சிலாங்கூரின் பிற பகுதிகளுக்கும் பரவியது. ஊதிய உயர்வு, பிள்ளைகளுக்குக் கல்வி, கள்ளுக்கடைகளை மூடுதல் ஆகியவற்றோடு மற்றொரு கோரிக்கையும் எழுந்தது. துரையோ கிராணியோ எதிர்ப்பட்டால் தொழிலாளி சைக்கிளை விட்டிறங்கி நிற்கவேண்டும் என்னும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பதே அது. இயக்கத்தின் முன்னணியில் நின்ற ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். படை வரவழைக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் ஐவர் மாண்டனர். சொந்தச் சைக்கிளில் அமர்ந்து செல்வதும் போராடிப் பெறவேண்டிய மதிப்பாக இருந்தது.

தோட்ட அமைப்பே தொழிலாளியின் காலைக் கட்டிவைத்தது எனலாம். லயம், கோயில், தமிழ்ப்பள்ளி, கடை, கள்ளுக்கடை ஆகிய யாவும் தோட்ட எல்லைக்குள் அடங்கின. வெளியே செல்லும் லோரி நிருவாகத்துக்குரியது. அது என்று புறப்படும், எவரை ஏற்றும் என்பதெல்லாம் மேலிருப்போரின் விருப்பம்.

பயிர் மாறியபோது இந்நிலையும் மாறத் தொடங்கியது. நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் கோல சிலாங்கூர் மாவட்டத்திலேயே தோன்றியது. பெயரிலேயே தமிழ் ஒலிக்கும் தென்னமரம் தோட்டம் அது. நிறுவியவர் பிரெஞ்சுக்காரரான ஆன்றி ஃபோகோனியே. எனினும் 1960களிலும் 1970களிலுமே செம்பனை இரப்பரின் இடத்தைப் பேரளவில் பற்றிக்கொண்டது. காய்ந்த இரப்பர்ப் பாளம் விற்பனைக்காகப் பல நாள் காத்திருக்கும். செம்பனைக் குலை காத்திருக்காது. வெட்டிய குலை ஏறத்தாழ ஒரு நாளுக்குள் ஆலையைச் சேராவிடில் எண்ணெயில் கொழுப்பமிலம் மிகுந்து தரம் தாழ்கிறது. ஆகவே விளைச்சலைப் போலவே விரைவும் மதிப்புப் பெற்றது. வண்டி வைத்திருந்தவர்க்கு வேலை கிட்டியது.

இதே காலப்பகுதியில் தோட்டத் துண்டாடல் பல குடும்பங்களை நிலைகுலையச் செய்தது. அதற்குக் கூட்டு முயற்சியாக எழுந்த விடையே, 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தோற்றுவித்த தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம். தொழிலாளர்கள் மாதம் 10 வெள்ளி வீதம் செலுத்திய பங்குத் தொகையால் தோட்டங்கள் வாங்கப்பட்டன. பழைய பிக்கப்போ தனிமனிதன் தேடிக்கொண்ட விடை. ஜப்பானில் 1968இல் டொயோட்டா ஹைலக்சும் 1972இல் டட்சன் 620உம் வெளிவந்தன. 1967இல் ஷா ஆலாமில் வால்வோ தொழிற்சாலையோடு உள்நாட்டு வாகனப் பொருத்துப் பணி தொடங்கியது. 1976இல் சிகாம்புட்டில் நிசான் வாகனங்களைப் பொருத்தும் ஆலை எழுந்தது. ஜப்பானிய வண்டிகள் பெருகியதால் உதிரிப் பாகங்களும் எளிதிற் கிட்டின. நகரத்து வணிகர் கழித்துவிட்ட வண்டி தோட்டத்தில் மறுபிறவி எடுத்தது.

பழைய வண்டியைத் தேர்வதும் ஒரு கல்விதான். அந்நாளைய வண்டிகள் பலவற்றில் தொலைவைக் காட்டும் மீட்டர் ஐந்து இலக்கம் கொண்டது. 99,999ஐக் கடந்ததும் மீண்டும் பூச்சியம் தோன்றும். எண்ணை நம்பியவன் ஏமாந்தான். தேய்ந்த மிதிகட்டையையும் தளர்ந்த இருக்கையையும் பார்த்தவன் உண்மையறிந்தான். ஜெராம் கடற்கரையில் மீன் சுமந்த வண்டியென்றால் உப்புநீர் அடிச்சட்டத்தை அரித்திருக்கும். ஆகவே கீழே படுத்துத் திருப்புளியால் தட்டிப் பார்ப்பார்கள். நீலப் புகை வந்தால் பிஸ்டன் வளையம் தேய்ந்து இயந்திர எண்ணெய் எரிகிறது என்று பொருள். சூடேறிய பின்னும் வெண்புகை ஓயாவிடில் சிலிண்டருக்குள் நீர் கசிகிறது. சிலிண்டரைக் கடைந்து அளவு கூடிய பிஸ்டனைப் பொருத்துவதும், சுமைக்கேற்ப வில்தகடு ஒன்றைக் கூட்டுவதும், துருவை வெட்டிப் புதுத் தகட்டைப் பற்றவைப்பதும் பட்டறை வேலைகள். ஏட்டுப் படிப்பை இடையில் விட்ட இளைஞர் பலர்க்கு அப்பட்டறையே பள்ளியாயிற்று.

அவ்வண்டிகள் செம்பனைக் குலையும், மாட்டுக்குப் புல்லும், பழைய இரும்பும், திருமணப் பந்தற்காலும் சுமந்தன. குறைகளும் இல்லாமலில்லை. சரக்கேற்றும் பின்தட்டில் மனிதரை ஏற்றிச் செல்வது சட்டத்திற்குப் புறம்பானது, உயிருக்கும் ஊறு. வாடகைச் சரக்குக்கு ‘ஏ’ உரிமம், சொந்தச் சரக்குக்கு ‘சி’ உரிமம் என்னும் வேறுபாடும் இருந்தது. 1994இல் புஸ்பாகோம் நிறுவப்பட்டபின் வணிக வாகனப் பரிசோதனை அதன் பொறுப்பாயிற்று. மூப்பெய்திய வண்டிக்கு ஒவ்வொரு பரிசோதனையும் ஒரு தேர்வு. தேறாவிடில் அன்றாட வருவாயும் நின்றுபோகும்.

மற்றோர் உண்மையையும் மறைத்தல் தகாது. வண்டி, வீடாகாது. புக்கிட் தாகார், நைஜல் கார்டனர் உள்ளிட்ட ஐந்து தோட்டங்களின் மக்கள் வீட்டுரிமைக்காகப் பல்லாண்டுகள் போராட நேர்ந்தது. சக்கரம் உடையவன் வேலை தேடி வேற்றூர் செல்லலாம். திரும்பி வந்து தங்குவதற்கு ஒரு கூரை வேண்டுமே! தனிமனிதனின் உழைப்பு எவ்வளவு தூரம் செல்லும், எங்கே நின்றுவிடும் என்பதற்கு அப்பழைய பிக்கப்பே சான்று.

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் இங்கே ஒரு பணி காத்திருக்கிறது. தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகின்றன. பட்டறை முதியவர்கள் மறைந்து வருகின்றனர். தத்தம் பாட்டனாரிடம் முதல் வண்டியை எப்போது வாங்கினார், எவரிடம் வாங்கினார், எதைச் செப்பனிட்டார், அது எதைச் சுமந்தது என்று மாணவர்கள் கேட்டு எழுதட்டும். சைக்கிளை விட்டிறங்க மறுத்த தலைமுறைக்கும் இன்றைய தலைமுறைக்கும் இடையே கிடக்கும் நெடுஞ்சாலை அவ்வேடுகளில் தெரியவரும்.